அம்மா வாசலில் நின்ற நாள்

கொரோனாவில் ஊரே முடங்கிக் கிடந்த அந்த மாரிகாலத்தில், ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில், மூன்றாம் மாடி வீடொன்றில் தேனுஜா இருப்புக்கொள்ளாமல் அலைந்துகொண்டிருந்தாள். வயது பதினேழு. வயிற்றில் பிள்ளை. டுசல்டோர்ஃபில் இருந்த அவளுடைய காதலன் மதீசன் செய்தியைக் கேட்டதும், தனக்குக் கொரோனா என்று எழுதிவிட்டு, பிறகு பதிலே போடாமல் அடங்கிப்போனான். அந்தக் கிருமி யார் யாருக்கெல்லாம் கைகொடுத்தது பாருங்கள்.

பெறுவதா, வேண்டாமா? யோசிக்க அவளுக்குக் கொஞ்சம் தனிமை வேண்டும். அதற்குத்தான் அங்கே பஞ்சம். வேலையில்லாமல் வீட்டோடு கிடந்த அப்பா செல்வராசா, தொலைக்காட்சியில் நாள் முழுக்கச் சாவுச் செய்தி கேட்டார். குசினியில் எப்போதும் சமைத்தபடி அம்மா கமலநாயகி. குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாலும் உடனே யாராவது வந்து தட்டுவார்கள். அழக்கூட முறை வைத்துத்தான் அழவேண்டும்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது தேனுஜாவின் வேலை. மாதவிலக்கு என்றால் மட்டும் சாமித்தட்டுப் பக்கம் போகக்கூடாது. அது நின்றுபோனது தெரியக்கூடாதே என்று போன மாதம், "எனக்குச் சுகமில்லை அம்மா, நீங்களே ஏத்துங்கோ" என்றாள். இந்த மாதமும் நாள் பிசகாமல் அதையே சொன்னாள். கெட்டிக்காரத்தனம்தான். காட்டிக்கொடுத்ததும் அதுதான்.

அம்மா அவளைக் குசினிக்குள் இழுத்து, அப்பாவுக்குக் கேட்காதிருக்கத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

"உனக்கு எப்பவடி ஒழுங்கா வந்தது? பெரிய பிள்ளையான நாளிலயிருந்து முன்னப்பின்னத்தானே. இப்ப மட்டும் என்னெண்டு மணிக்கூடு மாதிரி வருது?"

தேனுஜாவுக்கு அழுகைதான் வந்தது. கமலநாயகிக்கு அதுவே போதும். சத்தம் வராமல் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கொப்பருக்குத் தெரியக்கூடாது. அழிச்சுப்போட்டு வந்து படிப்பைப் பார்."

"நான் இன்னும் யோசிக்கேல்லை அம்மா."

"நீ யோசிச்ச வடிவு தெரியுதுதானே."

மகப்பேற்று மருத்துவரைச் சந்திக்கக் கிடைத்த டெர்மின் நாளன்று, கடைக்கு என்று சொல்லிவிட்டு இருவரும் டிராமில் ஏறினார்கள்.

"நான் சொல்லுறதை நீ டொக்டருக்கு ஜெர்மனிலை அப்பிடியே சொல்லு," என்றாள் அம்மா. பத்து வயதிலிருந்து எந்த அலுவலகத்திலும் அம்மாவின் வாய் தேனுஜாதான். ஆனால் தன் வயிற்றைப் பற்றி அம்மா எடுத்த முடிவைத் தானே மொழிபெயர்ப்பதா? அடுத்த தரிப்பிடத்தில் குதித்து ஓடவேண்டும் போலிருந்தது. ஆத்திரம் வந்தது. மாஸ்க்குக்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

மருத்துவமனை வாசலில் ஒரு பெண் கைகாட்டி மறித்தாள். கொரோனா விதிப்படி நோயாளி மட்டும்தான் உள்ளே. தேனுஜாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் குரல் தணிந்தது. வயது குறைவென்பதால், விரும்பினால் அம்மாவையும் கூட்டிவரலாம் என்று ஜெர்மனில் சொன்னாள்.

தேனுஜா அவளுக்குச் சுருக்கமாகப் பதில் சொன்னாள்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

விடமாட்டார்களாம் என்று சொன்னால் வேலை முடிந்தது. நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. இரண்டு மாதமாகச் சொன்ன பொய்களோடு இன்னொன்று. ஆனால் அவளுக்கு அலுத்துவிட்டது.

"உங்களை விடுவினமாம் அம்மா. நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான்."

கமலநாயகி அதுவரை பிடித்திருந்த மகளின் கையை விட்டாள்.

"அப்ப போ," என்றாள். "என்ன முடிவெடுத்தாலும் வந்து எனக்குத்தான் முதல் சொல்லோணும்."