கருவாட்டுக் கனவு

உதடு சிரிக்கிறது, கண் மூடியிருக்கிறது, வலது கை இலையை மறைப்பதுபோல் பாய்மேல் விரிகிறது, ஏளா, போதும்ளா, வைக்காதளா என்கிறார் மிக்கேல், ஞாயிறு பூசை முடிந்து வந்து சீலாக் கருவாட்டுக் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டுச் சாய்ந்த மத்தியானத் தூக்கத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் செசிலிக்கு வயிறு பற்றி எரிகிறது, ஏனென்றால் அந்த ஏளா அவளுக்கு உரியதல்ல, கட்டிக்கொண்டு வந்த ஆறு வருஷமாக அவளை அவர் செசிலி என்றுதான் கூப்பிடுகிறார், ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்து வாசிப்பதுபோல, ஏளா என்ற கொஞ்சல் மூத்த தாரம் ரோஸாரிக்கு, செத்து எட்டு வருஷமாகக் கல்லறையில் கிடக்கிறவளுக்கு. கருவாட்டை நாலு தண்ணீரில் அலசிக் கை நாறியது யார், புளி கரைத்தது யார், இங்கே தின்றுவிட்டுக் கனவில் போய் அவள் கையால் இன்னொரு பந்தியா, உயிரோடிருந்தால் குழாயடியில் வைத்து முடியைப் பிடித்திருக்கலாம், செத்தவளோடு எந்தச் சக்களத்தி சண்டை போட்டு ஜெயித்திருக்கிறாள். செசிலி சும்மா விடவில்லை, ஒரு ஞாயிறு சாம்பார் வைத்துப் பார்த்தாள், ஒரு ஞாயிறு கோழி, வெறும் குறட்டைதான், மறுபடி கருவாடு வைத்தாள், மறுபடி ஏளா, அன்றோடு முடிந்தது, டாக்டரு உங்களுக்கு உப்பு ஆகவே ஆகாதுன்னுட்டாருங்க என்று கூசாமல் ஒரு பொய், மனுஷர் நம்பிவிட்டார்.

அப்புறம் பீர்க்கங்காயும் கஞ்சியுமாக மூன்று மாசம், தூக்கத்தில் அவர் முகம் பூட்டிய கடையாகக் கிடக்கிறது, கனவு கினவு எதுவும் வந்துச்சாங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறாள், கனவா, பீர்க்கங்காயத் தின்னா பீர்க்கங்காதான் வரும் செசிலி என்கிறார், ரோஸாரி போய்விட்டாள், ஆனால் அவள் இருந்த இடத்துக்குச் செசிலி வரவில்லை, அதுதான் இன்னும் எரிகிறது.

இன்று அவர் முடிவெட்டப் போன நேரம், அப்படி என்னதான் இருக்கிறது அந்தச் சனியனில் என்று ஒளித்துவைத்திருந்த கருவாட்டை எடுத்துக் குழம்பு வைத்து, வயிறு முட்டத் தின்று, அடுப்படியிலேயே தலைசாய்க்கிறாள், கனவு வருகிறது, வராமல் எங்கே போகும், மிக்கேலும் ரோஸாரியும் தோளுரசி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், குனிந்து குனிந்து பரிமாறுகிறவள் செசிலி, கனவிலும் ஆக்கிப்போடுகிற பிழைப்புதானா என்று அழுகை முட்டுகிறது, ஏளா, எனக்கு இல்லையாளா என்று குரல் கேட்டு விழிக்கிறாள். வாசற்படியில் மிக்கேல் நிற்கிறார், சட்டைக் காலரில் வெட்டிய முடி, வாசனையில் மூக்கு விடைத்திருக்கிறது, கண் நன்றாகத் திறந்து அவளைத்தான் பார்க்கிறது, வீட்டில் வேறு ஒருவரும் இல்லை, ஆறு வருஷம் காத்துக்கிடந்த சொல், யாரைக் கூப்பிடுகிறார் என்று செசிலி மெதுவாகப் பின்னால் திரும்பிப் பார்க்கிறாள்.