சேடை என்றால் என்ன?

“சேடைன்னா என்ன?” என்று அதிகாரி கேட்டதும் பக்கிரி சிரித்துவிட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்திருப்பார். பிறகு அதிகாரியின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சோறு என்றால் என்ன என்று கேட்டிருந்தால்கூட அவ்வளவு திகைத்திருக்க மாட்டார்.

குத்தகைப் பதிவுச் சட்டம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பதிவேட்டில் குத்தகைக்காரர் பெயர் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால் பக்கிரி இருபத்திரண்டு வருஷம் உழுத ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலமும் போச்சு. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் அலுவலகம். நான் அங்கே எழுத்தர். அதிகாரி பட்டணத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம். வாசலில் ‘தமிழ் வாழ்க’ என்று ஆளுயரப் பலகை வேறு.

நிலத்தில் என்ன செய்கிறாய் என்று கேட்டதற்குத்தான் பக்கிரி சொன்னார்: “அண்டை வெட்டுறது, சேடை ஓட்டுறது, நாத்து விடுறது, எல்லாம் நாந்தானுங்க. நெலம் ஐயாவோடது.”

‘என் குத்தகை’ என்று அவர் வாயில் வராது. மிராசுதாரின் ஆள் பக்கத்தில் நிற்கும்போது அப்படிச் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. ஏஜெண்டு துரைக்கண்ணு யாரும் கேட்காமலே முன்னால் வந்தார்.

“அதெல்லாம் கூலி வேலைங்க சார். அன்னன்னிக்குக் கூலி வாங்கிட்டுப் போயிடுவான்.”

“தினக்கூலின்னு எழுதுங்க” என்றார் அதிகாரி.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். “சார், சேடைன்னா நடவுக்கு முன்னால தண்ணி கட்டி உழுது வயலைச் சேறாக்குறது. அண்டை வெட்டுறதுன்னா வரப்போரத்தைச் செதுக்குறது. இவரு சொந்த மாட்டைக் கட்டி உழுறாரு. கூலியாளா இருந்தா...”

“கலந்தர், உங்களைக் கேட்டேனா?”

எழுதினேன். எழுதிய கையை வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது. தெரியாததற்கு வெட்கப்பட வேண்டியவர் மின்விசிறிக்கு அடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தெரிந்தவர் கூனிக் குறுகி நின்றார்.

பக்கிரி கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தினார். எழுதியதை யாருக்கும் படித்துக் காட்டுவதில்லை எங்கள் அலுவலகத்தில். நான் படித்தேன், வேண்டுமென்றே சத்தமாக: “மேற்படி நிலத்தில் நான் தினக்கூலியாக வேலை செய்து வருகிறேன்.”

விரல் தாளுக்கு மேலேயே நின்றது.

“நான் கூலி இல்லீங்க” என்றார் பக்கிரி.

“ரேகைய வையிடா, நேரமாவுது” என்றார் துரைக்கண்ணு.

பக்கிரி மை அப்பிய விரலை உள்ளே மடக்கிக் கையை மூடிக்கொண்டார். துரைக்கண்ணு அந்தக் கையைப் பிடித்து மேசைமேல் வைத்து, இரண்டு கையாலும் பிரிக்கப் பார்த்தார். விரல்கள் பிரியவில்லை.