அம்போஃபோவின் நெறிகள்

யாவ் அம்போஃபோவின் காதுகளுக்குப் பின்னால் வீங்கிக் கட்டியிருந்த நெறிகள் முதன்முதலாக வாய்விட்டுப் பேசியது கானா நாட்டுக் குமாசியில், ஒரு சனிக்கிழமைத் துக்க வீட்டில், பாதிரியார் ஜெபித்துக்கொண்டிருந்தபோது. “இந்தாளு மறுபடியும் சாயம் பூசிட்டான்” என்றன. பாதிரியார் ஆமென் சொல்லி ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டார்.

அம்போஃபோ ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். பிறர் பிழைகளைத் திருத்தியே வாழ்ந்தவர். தன் நரையைக் கடவுளின் பிழையாக எடுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் சனிக்கிழமைத் துக்கத்துக்குப் போகிற ஆண்கள் வியாழக்கிழமையே தலைக்குக் கறுப்புச் சாயம் பூசிவிடுவார்கள். செத்தவருக்கு மரியாதை என்பார்கள். அம்போஃபோ பூசியது துணிக்கடை அச்சியாவுக்காக. தனக்கு ஐம்பத்து நான்கு வயது என்று அவளிடம் பல வருடங்களாகச் சொல்லிவந்தார்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அரித்தது. அரிப்பு அடங்க இன்னும் கொஞ்சம் பூசினார். நெற்றி வெடித்து நீர் வடிந்தது. மருத்துவர் செர்வா எளிமையாகத்தான் சொன்னார்:

“தாத்தா, தோல்ல காவலுக்கு நிக்கிற செல்லு இந்தச் சாயத்தைத் தூக்கிட்டு நெறிக்கு ஓடுது. அங்க இருக்கிறதுங்க ஒருதடவை கத்துக்கிட்டா மறக்கவே மறக்காது. ரெண்டே நாள்ல படை திரட்டிட்டு தலைக்கு வந்துடும். வியாழன் பூசினா சனிக்கிழமை. இனிமே பூசினா தொண்டையும் வீங்கும்.”

இதில் ‘தாத்தா’ மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. மனம் நொந்து வீடு திரும்பி, அந்த வியாழக்கிழமையும் பூசினார்.

துக்க வீட்டில் நெறிகள் சொன்னதை அச்சியாவும் கேட்டாள். “நரையெல்லாம் எனக்குப் பெருசில்லைங்க. உங்க கழுத்துக்குப் புரிஞ்சது உங்களுக்குப் புரியலையே, அதான் யோசிக்கிறேன். பூசாம வாங்க, பேசலாம்.”

படித்தவர் அல்லவா, அடுத்த வியாழக்கிழமை இரண்டு முறை பூசினார். காதுகளுக்குப் பின்னால் பஞ்சு வைத்துக் கட்டினார். சனிக்கிழமை பஞ்சுக்குள்ளிருந்து முனகல் கேட்டது, தொண்டை அடைத்தது. மருத்துவமனையில் தலையை மழித்துப் பார்த்தார்கள். வெள்ளை முடி முளைத்த பிறகும் தொண்டை திறக்கவில்லை.

குடும்பம் கூடி அழுதது. ஒலிபெருக்கிக்குச் சொல்லிவிட்டது. பெரிய மனிதரை வெள்ளைத் தலையோடு கிடத்துவது அவமானம் என்று ஒரே குரலில் முடிவெடுத்தது. எதில் அவர் செத்தார் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். வியாழக்கிழமை பிணவறையில் வைத்து, முளைத்திருந்த குட்டை முடிக்குச் சாயம் பூசினார்கள்.

சனிக்கிழமை ஜரிகைக் கட்டிலில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். கடைசியாகப் பார்க்க வந்தவர்களின் வரிசை சுற்றி வந்துகொண்டிருந்தது. காதுகளுக்குப் பின்னாலிருந்து அலுத்த குரல் எழுந்தது:

“மறுபடியுமா?”

அச்சியா குனிந்தாள். “இந்தத் தடவை அவரு இல்ல. வீட்டுக்காரங்க.”

“ஓ, இவங்களும் அப்படித்தானா” என்றன நெறிகள்.

வரிசை நகர்ந்தது.