சனிக்கிழமைச் சுவைக்குழு

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கண்ணாடி வீடுகள் உண்டு, மண்ணை வறுக்கும் அடுப்பு உண்டு, விதைகளே போர்வை கேட்கும் குளிர் அறையும் உண்டு. அவற்றால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. எங்கள் சொர்க்கம் கடைக்கோடியில் இருந்த சுவை பார்க்கும் அறை.

சின்னச் சின்னத் தடுப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி, ஒரு குட்டி ஜன்னல், பழத்தின் நிறத்தைப் பார்த்து ஏமாறாமலிருக்க ஒரு சிவப்பு விளக்கு. ஜன்னல் திறக்கும், கிண்ணத்தில் முள் தோல் உரித்த டுரியான் பழச் சுளை வரும், அதுவும் சும்மா! இப்படியொரு ஜன்னல் இருப்பது தெரிந்திருந்தால் நாற்பது வயதிலேயே வேலையை விட்டிருப்பேன்.

குழுவில் மூன்று பேர். கடலுக்கு அக்கரையில் பிறைத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற நான், சிவநேசன். கெலுகோரில் பெரிய குமாஸ்தாவாக இருந்த தியாகராஜா. மீ கோரெங் நூடுல்ஸ் கடையை மகனிடம் தள்ளிவிட்டு வந்த லெட்சுமி அக்கா. வேலை சுலபம். ஆய்வாளர் தாட்சாயினி ஏழு வருடமாக வளர்த்த புது மரத்தின் பழம், தாய் மரத்துப் பழத்தைவிட மேலானதா என்று சொல்ல வேண்டும். மூவரும் ஒரே பதில் சொன்னால் ஆய்வு முடிந்தது.

ஆய்வு முடிந்தால் டுரியானும் முடிந்துவிடுமே!

திட்டம் போட்டவர் தியாகராஜா. "சிவநேசன், இந்த முறை நீர் தேன் எண்டு சொல்லும். நான் கசப்பு எண்டு சொல்லுறன். லெட்சுமி, உங்களுக்கு என்ன?"

"சவுக்காரம் லா அண்ணே. போன வாரந்தான் மண்ணெண்ணெய் சொல்லிட்டேன்."

இப்படியே வாராவாரம் தின்றோம். ஒரு நாள் என் கால்சட்டைப் பொத்தான் தெறித்துக் கடலைத் தாண்டிப் பிறையில் விழுந்தது. சத்தியம்.

அடுத்த சனிக்கிழமை ஜன்னல் திறக்கவில்லை. தாட்சாயினியே உள்ளே வந்தாள்.

"அங்கிள், ஒரே பழம். ஒருத்தர் தேனுங்கிறீங்க, ஒருத்தர் சவுக்காரங்கிறீங்க. அடுத்த வாரம் மேலிடத்துலேருந்து பெரிய ஆபீசர் என்சிக் ஹைருல் வர்றாரு. அவர் முன்னாடியும் உங்களுக்கு வித்தியாசம் தெரியலன்னா மரத்தை வெட்டிருவாங்க. இந்த ரூம் உர ஸ்டோர் ஆயிரும்."

கையிலிருந்த காலித் தட்டை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனாள்.

காரில் வீடு திரும்பினோம்.

"பிள்ளையின்ர மரத்தை வெட்ட விடக் கூடாது," என்றார் தியாகராஜா.

"எனக்கு வேற பயம்ணே," என்றார் லெட்சுமி அக்கா. "பொய் சொல்லிச் சொல்லி நாக்குக்கு நெசம் மறந்துபோயிருந்தா?"

அந்த வாரம் தியாகராஜா மிளகாய்ச் சம்பலைத் தொடவில்லை. லெட்சுமி அக்கா பேச்சைப் பாதியாகக் குறைத்தார். பேசினால் நாக்கு தேயுமாம்.

பரீட்சை நாளன்று ஹைருலும் எங்களோடு ஒரு தடுப்பில் உட்கார்ந்துகொண்டார். தட்டுக்கு மூன்று கிண்ணம். இரண்டில் தாய் மரத்துப் பழம், ஒன்றில் புது மரத்துப் பழம். எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும், இடம் மாற்றி மாற்றி ஆறு தட்டு.

முதல் கிண்ணம் இனித்தது. இரண்டாவதும் அதே இனிப்பு. மூன்றாவது நாக்கில் பட்டதும் இனிப்புக்குப் பின்னால் மெல்லிய ஒரு கசப்பு வந்தது, அதற்கும் பின்னால் இன்னொரு இனிப்பு. செத்துப்போன என் மாமனாரே எழுந்து வந்து இன்னொரு சுளை கேட்பார்! இத்தனை வாரம் தின்றும் இதைக் கவனித்ததில்லை. என்ன பொய் சொல்வது என்ற யோசனையிலேயே விழுங்கியிருக்கிறோம்.

ஆறு தட்டிலும் மூவருக்கும் ஒரே பதில், சரியான பதில். ஹைருலுக்கு ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. 'உறுதி செய்துகொள்ள' புது மரத்துப் பழம் இன்னும் இரண்டு கிண்ணம் கேட்டு வாங்கி, வழித்துத் தின்றுவிட்டு, "போலே லா, சரிதான், மரம் இருக்கட்டும்" என்று மலாயில் தீர்ப்புச் சொல்லிக் கிளம்பினார்.

தாட்சாயினி எங்கள் மூவரின் கையையும் பிடித்துக்கொண்டாள். "டுரியான் முடிஞ்சுது அங்கிள். இந்த ரூமுக்கு அடுத்த ஆய்வு பாவக்கா, பதினெட்டு ரகம். உங்களவிட்டா எனக்கு வேற யாரு? மூணு பேரும் ஒரே ரகத்தைச் சொல்ற வரைக்கும் வாராவாரம் பச்சையா சாப்பிடணும்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை.

"முதல் ரகம்!" என்றார் தியாகராஜா.

"முதல் ரகந்தான், அமிர்தம்!" என்றேன்.

"அத அடிச்சுக்க வேற ரகமே கெடையாது லா!" என்றார் லெட்சுமி அக்கா.

தாட்சாயினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"விதையே இன்னும் போடல அங்கிள்."