நெட்டைக்குக் கொழுப்பு

துவைக்கும் இயந்திரத்தின் வாயிலிருந்து ஈரத்துணியை இழுக்கும்போது நெட்டை மூச்சைப் பிடித்துக்கொள்வாள். படுக்கை விரிப்புகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, சொத்துச் சண்டை போடும் பங்காளிகள் மாதிரி வரும். அவற்றை ஒரு விரிப்பில் கொட்டி, நாலு முனையையும் முடிந்து, மூட்டையை இடது இடுப்பில் ஏற்றி, உலர்த்தும் அறைவரை சுமந்து போக வேண்டும். தள்ளுவண்டி ஒன்று இருக்கத்தான் செய்தது. சக்கரம் கழன்ற நாளிலிருந்து அதன்மேல் சோப்புத்தூள் மூட்டைகள் குடியிருந்தன. ஒரு சக்கரத்தைவிட நெட்டையின் இடுப்பு மலிவு என்பது அந்தச் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். மேற்பார்வையாளனுக்கு நன்றாகவே தெரியும்.

அவனுக்குப் பெண்கள் வைத்த பெயர் கஞ்சி. ஓட்டல் சட்டைகளுக்குக் காய்ச்சும் கஞ்சியில் தன் சட்டையையும் முக்கியெடுத்து, அட்டை மாதிரி விறைத்த காலருக்குள் கழுத்தைத் திருப்ப முடியாமல் நடப்பான். அந்தக் கூடத்தில் வியர்க்காத ஆள் அவன் ஒருத்தன்தான். மடிப்பு மேசைக்கு நாலு நாற்காலி. மூன்றில் மடிக்கிற பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். நாலாவது, மின்விசிறிக்கு நேர் கீழே இருப்பது, கஞ்சியின் சாப்பாட்டுப் பைக்கு. வெக்கையில் கெட்டுப்போகுமாம்.

வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நெட்டைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இடது கிட்னியில் கட்டி இருக்கிறது, இன்னும் தெளிவாக ஒரு ஸ்கேன் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். கட்டி என்ற சொல் கூடத்துக்குள் அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. கிழிசல் தைத்துப் பட்டன் வைப்பதால் பொத்தான் என்று பெயர் வாங்கியவள் மூக்கை உறிஞ்சினாள். ஒருநாளும் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட வந்து தோளைத் தொட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கஞ்சி தன் பையைத் தன் கையாலேயே எடுத்துவிட்டு, "உக்காரும்மா, நீ மடிச்சாப் போதும்" என்றான். அந்த நாற்காலியின் காற்று எப்படி இருக்கும் என்று நெட்டைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சாவு நிச்சயம் என்றால்தான் இவர்களுக்கு மனிதத்தன்மை வரும் என்று நினைத்துக்கொண்டே தலையணை உறைகளை மடித்தாள்.

இரண்டாவது ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சிரித்தாள். சின்ன வயதுக்காரி, தூங்கி நாளாயிருந்த கண்கள்.

"பயப்படாதீங்க. இது கேன்சர் இல்ல. கொழுப்புக் கட்டி."

நெட்டைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நெட்டையாக வளர்ந்ததற்குக் கொழுப்பு, எதிர்த்துப் பேசினால் கொழுப்பு, சம்பளத்தைச் சரியான தேதியில் கேட்டால் கொழுப்பு. மாமியார் சொன்னாள், புருஷன் சொன்னான், கஞ்சி தினமும் சொன்னான். இப்போதுதான் ஒருத்தி படம் எடுத்து இடம் காட்டிச் சொல்கிறாள்.

"சிரிச்சிட்டு மறந்துடாதீங்க" என்றாள் டாக்டரம்மா. "கொழுப்பு, தசை, ரத்தக்குழாய் மூணும் சேந்து கண்டபடி வளந்த கட்டி இது. பரவாது, பக்கத்துல இருக்கிறத அரிக்காது. தீங்கற்ற கட்டின்னு எழுதுவோம். சின்னதா இருந்தா வருஷத்துக்கொரு தடவ பாத்துட்டே சும்மா விட்டுடலாம். உங்களுது பெருசாயிடுச்சு. உள்ள இருக்கிற குழாய்ங்களுக்குச் சுவர் மெல்லிசு. இடி பட்டா வெடிக்கலாம், சில சமயம் தானாவும் வெடிக்கலாம். கட்டிக்கு ரத்தம் போற வழிய அடைக்கிற சிகிச்சை இருக்கு. அதுக்கு அடுத்த மாசம்தான் இடம் கிடைக்குது. அதுவரைக்கும் வெயிட் தூக்கக் கூடாது, அந்தப் பக்கம் அடி படக் கூடாது. திடீர்னு விலாவுல வலிச்சா, மயக்கம் வந்தா, சிறுநீர்ல ரத்தம் தெரிஞ்சா, அந்த நிமிஷமே இங்க வந்துடணும்."

அவ்வளவையும் ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தாள்.

வாசலில் சரக்கு வண்டியை ஓரங்கட்டிவிட்டு நின்றிருந்த புருஷனிடம் நெட்டை எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவன் காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டும்தான். "கேன்சர் இல்லல்ல? விடு. ரெண்டு நாளா எனக்குச் சோறே எறங்கல" என்று வண்டியைக் கிளப்பினான். அவனுக்குச் சோறு இறங்கியதை அவள் இரண்டு நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் காலை கஞ்சி சீட்டை வாங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தான். 'தீங்கற்ற' என்ற சொல்லில் அவன் விரல் நின்றது. அதற்குக் கீழே போகவில்லை.

"தீங்கற்ற கட்டி. தமிழ்லதானே எழுதியிருக்கு? தீங்கு இல்ல. அப்புறம் எதுக்கு நாற்காலி?"

"கீழயும் எழுதியிருக்காங்க சார். வெயிட் தூக்கக் கூடாதாம். உள்ளுக்குள்ள வெடிச்சிடுமாம். அடுத்த மாசம் வரைக்கும்தான் கேக்கறேன்."

"என்ன கட்டி அது?"

நெட்டை வாயைத் திறந்தாள், மூடினாள். பொய் சொல்லியிருக்கலாம். வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயராகச் சொல்லியிருந்தால் கஞ்சி மிரண்டிருப்பான்.

"கொழுப்புக் கட்டி சார்."

கூடம் சிரித்தது. மடிக்கிறவர்கள் சிரித்தார்கள், தேய்க்கிறவர்கள் சிரித்தார்கள், நேற்றுவரை மூக்குறிஞ்சிய பொத்தானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கஞ்சிக்குத் தான் பெரிய நகைச்சுவைக்காரன் என்ற எண்ணம் வந்துவிட்டது. "இத நான் ஸ்கேன் எடுக்காமயே சொன்னேனே! கொழுப்புன்னா உழைச்சாக் கரையும். போ, நாலாம் நம்பர் மிஷின் ஓடி நின்னுடுச்சு, துணிய எடு" என்றான். பிறகு தன் பையைக் கொண்டுபோய் விசிறிக்கு அடியில் வைத்தான்.

செத்துப்போவாள் என்று நம்பி இரக்கம் காட்டியவர்கள் ஏமாந்துபோன முகத்தோடு வேலைக்குத் திரும்பினார்கள். நெட்டைக்கு அவர்கள்மேல் கோபம்கூட வரவில்லை. எச்சிலைத் துப்ப இடமில்லாததால் விழுங்கினாள்.

வேலையை விட்டுவிடலாமா என்று அன்று வீட்டில் கேட்டாள். "கொழுப்புக்கெல்லாம் வேலைய விடுவாங்களா?" என்றான் புருஷன். அவனுக்கும் அந்தச் சொல்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

மூட்டையை வலது இடுப்புக்கு மாற்றிப் பார்த்தாள். பழக்கமில்லாத பக்கம், கால் பின்னியது. சின்னச் சின்ன மூட்டைகளாகக் கட்டிப் பார்த்தாள். நடைதான் கூடியது, கஞ்சியின் வாயும் நீண்டது. ஆஸ்பத்திரித் துணியும் ஓட்டல் துணியும் சேர்ந்து வந்த ஒரு நாள், நாலாம் நம்பரிலிருந்து கனத்த துண்டுகளை முடிந்து, அவசரத்தில் பழைய பக்கத்திலேயே ஏற்றினாள். இரண்டு அடி வைத்திருப்பாள். விலாவுக்குள் யாரோ துணியைக் கிழித்த மாதிரி இருந்தது. மூட்டை விழுந்தது. அதன்மேல் அவளும் விழுந்தாள்.

கஞ்சி வந்து குனிந்து பார்த்தான். குனிந்தால் காலர் கழுத்தை அறுக்கும், அதனால் கொஞ்சமாகத்தான் குனிந்தான்.

"வெடிக்கும்னியே, ரத்தம் எங்க? ஒரு சொட்டு இல்ல. நடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

அவள் உதடு வெளுத்துக்கொண்டே போனது. அந்த நிறத்தை வெளுத்த துணியில்தான் பொத்தான் பார்த்திருக்கிறாள். "யோவ், உள்ள போகுதுய்யா ரத்தம்! அக்காதான் அன்னிக்கே சொன்னாங்கல்ல!" என்று கத்திக்கொண்டே ஊசியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அக்கா அக்கா என்று கன்னத்தில் தட்டினாள். யோவ் என்றது கஞ்சியின் காதில் நன்றாக விழுந்தது. ரத்தம் என்றது விழுந்ததா தெரியவில்லை.

துணி ஏற்றும் வேன் வாசலில் நின்றது. டிரைவரும் பொத்தானும் தூக்கிக்கொண்டு போக, கஞ்சி பின்னாலேயே ஓடினான். "சலவத் துணி மேல படுக்க வெக்காதீங்க! அழுக்கு மூட்ட அந்தப் பக்கம் இருக்கு, அது மேல போடுங்க!"

அழுக்கு மூட்டைமேல்தான் போட்டார்கள்.

கண் விழித்தபோது அதே டாக்டரம்மா நின்றாள். ரத்தம் நிற்கவில்லை, இடது கிட்னியையே எடுக்கவேண்டியதாகிவிட்டது என்றாள். "தூக்காதீங்கன்னு சொன்னேனேம்மா" என்றபோது அவள் குரல் உடைந்தது. மேலே போர்த்தியிருந்த விரிப்பின் ஓரத்தில் சலவைக்கூடத்தின் நீல நூல் அடையாளம் இருந்தது. நெட்டையே உலர்த்தியதாகக்கூட இருக்கலாம். காலால் அதை விலக்கப் பார்த்தாள், முடியவில்லை.

தையல் ஆறி, நடக்கத் தெம்பு வந்ததும் கூடத்துக்குப் போனாள். போகாமல் என்ன செய்வது? புருஷன் சோறு இறங்காத முகத்தோடு வீட்டில் உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை அது நிஜமாகவே இறங்கவில்லை.

கஞ்சி அவளை வாசல் பெஞ்சோடு நிறுத்திவிட்டான்.

"ஒரு கிட்னியோட மூட்ட தூக்க முடியுமா? உனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? எனக்கும் மனசாட்சி இருக்கும்மா."

"மடிக்கிறேன் சார். உக்காந்து செய்யற வேலதானே."

"மடிக்கிற எடத்துல நாற்காலி காலி இல்லியே."

இருந்த இடத்திலிருந்தே நெட்டைக்கு மேசை தெரிந்தது. மூன்று பெண்கள் தலையைத் தூக்காமல் மடித்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது நாற்காலியில் பை இருந்தது. விசிறிக் காற்றில் அதன் கைப்பிடி லேசாக ஆடியது.

பெஞ்சின் மறுகோடியில் புதிதாக வேலை கேட்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நல்ல உயரம். கஞ்சி அவள் பக்கம் திரும்பி மேலும் கீழும் பார்த்தான். முதலாளி அவனைக் கூப்பிட்டு என்னவோ கேட்டிருக்க வேண்டும், இப்போதெல்லாம் ஆள் எடுக்கும்போது உடம்பைப் பற்றி விசாரிக்கிறான்.

"உனக்குக் கொழுப்பு ஏதும் இருக்கா?"

புதியவள் பதறி எழுந்தாள். தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தலை குனிந்தாள்.

"ஐயோ, எனக்கு ஏது சார் கொழுப்பு? என்ன சொன்னாலும் செய்வேன்."

"அப்ப சரி. நாலாம் நம்பர் மிஷின் நின்னுடுச்சு, போ."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே நாலு முனையையும் முடிந்து, மூட்டையை இடது இடுப்பில் ஏற்றினாள்.