பதினாலாவது மெஷின்

எங்கள் சாஃப்ட்வேர் டீமில் பதினாலு பேர், பதினாலு மெஷின். வெள்ளிக்கிழமைதோறும் எல்லா மெஷினிலும் டெஸ்டுகளை ஓட்டிப் பார்ப்போம். எல்லாம் பாஸ் ஆனால்தான் புது வெர்ஷன் வெளியே போகும். ஆறு வாரமாகப் பதின்மூன்று பாஸ், பதினாலாவது மட்டும் ஃபெயில். அதுவும் ஒரே ஒரு டெஸ்ட். அதை எழுதியவன் நான் என்பதால் எனக்கு வந்த எரிச்சல் சொல்லி மாளாது.

அந்த மெஷின்காரப் பெண் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். அப்பா படுத்த படுக்கை என்பதால் ஆபீஸுக்கு வர வழியில்லை. வாராவாரம் விடாமல் புகார் எழுதுவாள். நானும் சளைக்காமல் ‘உங்கள் மெஷின் கோளாறு’ என்று ஒரு வரி எழுதி மூடுவேன். கேபிளை மாற்றச் சொன்னேன், மாற்றினாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னேன், ஏற்றினாள். அப்போதும் ஃபெயில்தான்.

மேனேஜர் பொறுமையிழந்தார். "திங்கக்கிழமைக்குள்ள அது பாஸ் ஆகணும். இல்லன்னா அந்தப் பொண்ணை அனுப்பிட்டு வேற ஆள் பாத்துக்கலாம். ஒருத்தருக்காக எல்லாரும் கையைக் கட்டிட்டு உக்கார முடியுமா?"

சனிக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குக் கிளம்பினேன். "நம்ம வீட்டு ஃபேன் ரெண்டு மாசமா சுத்தல. அடுத்தவங்க வீட்டு மெஷினுக்கு மட்டும் ஓடுங்க," என்று வாசல்வரை வந்து வாழ்த்தி அனுப்பினாள் மனைவி.

மூன்றாம் மாடி, இரண்டே அறை. அவள் நாற்காலியும் அப்பாவின் கட்டிலும் இடித்துக்கொண்டு நின்றன. கட்டில் கம்பியில் ஒரு போன் தொங்கியது. அதில் இருந்தது எங்கள் புரோகிராம்தான். படுக்கையில் இருப்பவர் பட்டனை அமுக்கினால் நர்ஸ் சென்டருக்குச் செய்தி போகும். போனால் ‘தகவல் போய்விட்டது’ என்று காட்டும், இல்லையென்றால் ‘போகவில்லை’ என்று காட்டும். என் டெஸ்ட், உலகத்திலேயே இல்லாத ஒரு முகவரிக்குச் செய்தி அனுப்பும். ‘போகவில்லை’ என்று வந்தால் பாஸ். இவள் மெஷினில் மட்டும் ‘போய்விட்டது’ என்று வந்துகொண்டிருந்தது.

என் லேப்டாப்பை அவள் வீட்டு இன்டர்நெட் லைனில் இணைத்து ஓட்டினேன். அதுவும் ஃபெயில். வாய்க்கு வந்த ஒரு முகவரியை பிரவுசரில் அடித்தேன். அப்படி ஒன்று இல்லை என்று வரவேண்டிய இடத்தில் ஒரு சோபா விளம்பரம் வந்து நின்றது. இல்லாத முகவரி எதைக் கேட்டாலும் லைன் கம்பெனிக்காரன் தன் விளம்பரத்தைக் காட்டுகிறான். ஏதோ ஒரு பதில் வந்ததே என்று எங்கள் புரோகிராம் அதை நர்ஸ் சென்டரின் பதிலாக எடுத்துக்கொள்கிறது.

"லைன்தான்மா பொய் சொல்லுது. உங்க மெஷின் மேல ஒரு தப்பும் இல்ல," என்றேன் சந்தோஷமாக.

அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை. "எங்க ஏரியா நர்ஸ் சென்டரைப் போன மாசம் வேற சென்டரோட சேத்துட்டாங்க சார். பழைய முகவரியே இப்போ கிடையாது. அப்பா போன்ல அதுதானே இருக்கு?"

கட்டிலிலிருந்து அப்பா தலையைத் திருப்பினார். "அன்னிக்கு நான் கீழ விழுந்தப்போ அமுக்கினேனே தம்பி. போயிடுச்சுன்னுதானே காட்டுச்சு?"

அவள் மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரம் அது. ஒன்றரை மணி நேரம் தரையில் கிடந்திருக்கிறார். "தகவலைப் பாத்துட்டும் வரலையேன்னு அந்த சென்டர் நர்ஸம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன் சார். எதுவுமே வரலன்னு அவங்க அழுதாங்க. நான் நம்பல," என்றாள்.

என்றைக்கு விழுந்தார் என்று கேட்டேன். அவளுடைய இரண்டாவது புகாரை நான் மூடியதற்கு மறுநாள். புது சென்டரின் முகவரியை அவளிடம் கேட்டு, வெட்கத்தோடு அப்பா போனில் மாற்றிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து டெஸ்டை மாற்றி எழுதினேன். இனி அது வெளி லைனையே நம்பாது. உண்மை சொல்லும் போலி லைன் ஒன்று, அவள் வீட்டு லைனைப்போலப் பொய் சொல்லும் போலி லைன் ஒன்று, இரண்டையும் டெஸ்டுக்குள்ளேயே வைத்தேன். எந்த வீட்டில் ஓட்டினாலும் ஒரே விடைதான் வரும். திங்கட்கிழமை காலை ஓட்டினோம். பதினாலும் ஃபெயில்.

"என்னய்யா இது? ஒண்ணை பாஸ் ஆக்கச் சொன்னா பதினாலையும் கவுத்துட்டியே!" மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இப்பதான் சார் டெஸ்ட் ஒழுங்கா ஓடுது. புரோகிராம்தான் தப்பு. ஆரம்பத்துலேருந்து அந்தப் பொண்ணு ஒருத்திதான் அதைச் சொல்லிட்டிருந்தா. அவளை அனுப்பணும்னா முதல்ல என்னை அனுப்புங்க."

அவளை அனுப்பும் பேச்சை அவர் அதோடு விட்டார். புரோகிராமைத் திருத்தியவளும் அவள்தான். இப்போது நர்ஸ் சென்டரின் டிஜிட்டல் கையொப்பத்தோடு பதில் வந்தால் மட்டும் ‘போய்விட்டது’ என்று காட்டும். வெள்ளிக்கிழமை பதினாலும் பாஸ். அவள் போன் செய்தாள்.

"சார், திங்கக்கிழமை பதினாலும் ஃபெயில் ஆச்சே, அந்த ரிப்போர்ட்டை எனக்கு ஒரு பிரிண்ட் போட்டுத் தர முடியுமா?"

"இனிமே அது எதுக்கும்மா?"

"நர்ஸம்மாகிட்ட காட்டணும் சார். மன்னிப்பு கேக்கணும்."

"நானும் வரேன்மா. திட்டு வாங்க வேண்டியவன் நான்தான்."