யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?

அந்த ஊர்ச் சுற்றுலா வாரியத்தின் கூட்டம் எப்படி நடக்கும் என்று யாரைக் கேட்டாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். தலைவர் ஒரு தீர்மானத்தைப் படிப்பார். "யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?" என்பார். கேட்கும்போதே அவர் கை அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான், தீர்மானம் நிறைவேறிவிட்டது, டீ வரும்.

தலைவரோடு சேர்த்து ஒன்பது பேர். அதில் வாய் திறந்து பேசுகிறவர்கள் இரண்டே பேர். ஏரிக்கரைப் பெரிய ஓட்டல்காரர் ஒருவர். பழைய கடைத்தெருவில் லாட்ஜ் நடத்துகிற லாட்ஜ் அக்கா இன்னொருத்தி. இவர்கள் இரண்டு பேரும் கீரியும் பாம்பும். மற்றவர்கள் எல்லாம் நமக்கேன் வம்பு என்று பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படியே போய்க்கொண்டிருந்த இடத்துக்கு, வாரியம் ஒழுங்காக நடக்கிறதா, முடிவுகளை யார் எப்படி எடுக்கிறார்கள் என்று பார்த்து எழுத மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் வந்தார். பேச்சு குறைவு, காது கூர்மை. ஒவ்வொரு உறுப்பினரையும் தனியாக உட்காரவைத்து, "இங்கே என்ன கோளாறு?" என்று கேட்டார். எல்லாரும் மழுப்பினார்கள். நம் லாட்ஜ் அக்காவுக்குக் கேட்கவா வேண்டும்? கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"பரிமாறுறவன் நம்மாளா இருந்தா கடைசிப் பந்தியில உட்கார்ந்தா என்னன்னு நடக்குதும்மா. ஓட்டல் வாசல் வரைக்கும் ரோடு போடணும்னு தீர்மானம். கை தூக்குறது யாரு? ஓட்டல்காரரே! வேலியே பயிரை மேய்ஞ்சா யாருகிட்ட போய்ச் சொல்றது? கேட்டா ஓட்டல் பொண்டாட்டி பேர்ல இருக்காம், அவருக்குச் சம்பந்தமே இல்லையாம்."

"என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?"

"தனக்கு லாபம் வர்ற விஷயம்னா எழுந்து வெளிய போகட்டும். மத்தவங்க முடிவு பண்ணட்டும்."

அதிகாரி அம்மாள் அப்படியே எழுதிக் கொடுத்தார். வாரியம் வழக்கம்போல ஆட்சேபணை இல்லாமல் ஏற்றுக்கொண்டது. தலைவர் மட்டும் அந்த விதியில் ஒரு ஓட்டை வைத்தார்: சொத்து தன் பெயரிலேயே இருந்தால் கட்டாயம் போக வேண்டும், குடும்பத்தார் பெயரில் இருந்தால் அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடலாம். மனசாட்சியாம்! அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த கூட்டத்துக்கு வந்த முதல் விஷயம் என்ன தெரியுமா? சுற்றுலா பஸ்கள் நிற்கும் இடத்தைக் கடைத்தெருவிலிருந்து ஏரிக்கரை மைதானத்துக்கு மாற்றுவது. பஸ்ஸை விட்டு இறங்கிப் பெட்டியோடு தெருவில் நிற்கிறவர்கள்தான் அக்காவின் லாட்ஜுக்குப் பிழைப்பே. இனி அவர்கள் பெரிய ஓட்டல் வாசலில் இறங்குவார்கள். அக்காவின் லாட்ஜ் இருப்பதோ மாமியார் பெயரில்.

காலையில் மொட்டைமாடியில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே கணவர் சொன்னார்: "இந்தா பாரு, எழுந்திருக்காம உட்கார்ந்திரு. அம்மா பேர்ல இருக்கு. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது."

"அந்த விதியைக் கேட்டதே நான்தானேங்க."

"கேட்டே. ஓட்டல்காரரு போவாரா? கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பாரு. நீ மட்டும் எழுந்து போய் யாருகிட்ட நல்ல பேர் வாங்கப் போறே? பஸ் போச்சுன்னா நம்ம பொழப்பே போச்சு." அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அதுதான் அவளை அறுத்தது.

கூட்டத்தில் அதிகாரி அம்மாள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். புது விதி எப்படி நடக்கிறது என்று பார்த்துத்தான் கடைசி அறிக்கை எழுத வேண்டும். தலைவர் தீர்மானத்தைப் படித்தார். "சொந்தச் சம்பந்தம் இருக்கிறவங்க யாராவது?" என்றார். ஓட்டல்காரர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார், இதுவரை மின்விசிறியையே கண்டிராதவர் மாதிரி.

அதிகாரி அம்மாள் ஒரு பார்வை பார்த்திருந்தாலாவது அக்கா வீம்புக்கு உட்கார்ந்திருப்பாள். அவரோ குனிந்த தலை நிமிரவில்லை. போடி இவளே, ஊருக்கு உபதேசம் பண்ணத் தெரிந்ததல்லவா என்று தன்னைத்தானே வைதுகொண்டு எழுந்தாள்.

"எங்க லாட்ஜ் அந்தத் தெருவுல இருக்கு. பேர் மாமியார் பேர். சாவிக்கொத்து என் இடுப்புல. நான் வெளிய இருக்கேன்."

வராந்தாவில் ஒரு மரப்பெஞ்சு கிடந்தது. உட்கார்ந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெரிய நியாயவாதி! சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவளை வேறு என்ன சொல்வது?

கதவு திறந்தது. ஓட்டல்காரர் உர்ரென்ற முகத்தோடு வந்து பெஞ்சின் மறுகோடியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என்னண்ணே, நீங்களுமா?"

"நீங்க எழுந்து போனதும் எல்லாரும் என்னையே பார்த்தாங்க. மனுஷன் எவ்வளவு நேரம்தான் ஃபேனைப் பார்க்கிறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைக்கு நடுவில் வந்த சிரிப்பு, அடக்க முடியவில்லை. அவரும் வேண்டாவெறுப்பாகச் சிரித்தார்.

உள்ளே முதலில் சத்தமே இல்லை. பிறகு ஒரு குரல். அதை மறித்து இன்னொரு குரல். கொஞ்ச நேரத்தில் சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. "இவங்களுக்கெல்லாம் பேச வருமா?" என்றார் ஓட்டல்காரர். எத்தனையோ வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்தும் அந்த இரைச்சலில் எந்தக் குரல் யாருடையது என்று இரண்டு பேருக்குமே பிடிபடவில்லை.

கடைசியில் நூலகர்தான் வெளியே வந்தாள். கடைத்தெரு நூலகத்தில் சுற்றுலாத் தகவல் மையமும் இருப்பதால் அவளும் உறுப்பினர். அக்காவுக்குக் கூடப் பிறக்காத தங்கச்சி. கூட்டத்துக்குப் போவதும் வருவதும் இருவரும் ஒன்றாகத்தான்.

"நாலுக்கு மூணு, அக்கா. பஸ் ஏரிக்கரைக்குப் போகுது."

அக்கா பெஞ்சை விட்டு எழுந்தாள். ஒரே ஒரு ஓட்டு. "யாரு அந்த நாலு பேரு?"

நூலகர் தரையைப் பார்த்தாள். "நானும்தான்கா."

ஓட்டல்காரர் மெல்ல எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த அளவுக்கு இங்கிதம் அவருக்கும் இருந்தது.

"நீயா? அடிப்பாவி! உன் வீட்டுக்கு யார் வந்தாலும் என் லாட்ஜுலதானே தங்கவெச்சேன்? என் சோத்துல மண்ணைப் போட உனக்கு எப்படி மனசு வந்தது?"

"அதனாலதான்கா இத்தனை நாளும் சொல்லலை. ஸ்கூல் விடுற நேரத்துல பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவுல பிள்ளைங்க ஒட்டிக்கிட்டு நடக்கிறதை ஜன்னல்லேருந்து தினம் பார்க்கிறேன். ஒவ்வொரு கூட்டத்துலயும் வாய் வரைக்கும் வரும். எதிர்ல நீங்க உட்கார்ந்திருப்பீங்க. முகத்தைப் பார்த்ததும் முழுங்கிடுவேன். இன்னிக்கும் நீங்க எழுந்து போகலைன்னா முழுங்கித்தான் இருப்பேன்."

அந்த அறையில் ஒருத்தரும் வாய் திறக்காததற்கு ஓட்டல்காரர்தான் காரணம் என்று இத்தனை வருஷமாக அக்கா நம்பியிருந்தாள். பஸ் போனதைவிட இதுதான் அதிகமாக வலித்தது. கோபமும் போகவில்லை. அந்தப் பிள்ளைகளை அவளும் தினம் பார்த்தவள்தான். பார்த்துவிட்டு, இறங்குகிற பெட்டிகளை எண்ணப் போனவள்.

உள்ளேயிருந்து தலைவர் அடுத்த விஷயத்துக்குக் கூப்பிட்டார். அக்கா உள்ளங்கையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய் அந்த மனுஷனிடம் என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நூலகர் கையைப் பிடிக்க வந்தாள். அக்கா கையை விலக்கிக்கொண்டாள்.

"தொடாதே, இன்னும் எரியுது எனக்கு," என்றாள். கதவருகில் போனவள் ஒரு கணம் நின்றாள். "வா உள்ள. என் எதிர்ல உட்காராதே, என் முகம் தெரியாத இடமாப் பார்த்து உட்காரு. மனசுல பட்டதைச் சொல்லு."